மன்னிப்புப் பெற்ற மாலுமி

தவறே செய்யாத மனிதர் உலகில் இலர். ஆயினும், செய்த தவற்றைத் தவறென்று உணர்ந்து, அதற்காக உள்ளம் நைந்து, நல்வழிக்குத் திரும்புவோர் சிலரே. அங்ஙனம் திரும்புவோரை இறைவன் வெறுத்து ஒதுக்குவதில்லை. தந்தை மகனை ஏற்பதுபோல ஏற்றுக்கொள்கின்றான் என்பது கிறிஸ்தவ சமயத்தின் தலையாய கொள்கைகளுள் ஒன்று. இதனை விளக்கும்பொருட்டே இயேசு பெருமான் கெட்ட குமாரன் கதையைக் கூறினார். தந்தையின் செல்வத்தில் தன் பங்கைப் பெற்றுத் தொலைநாடு சென்ற இளைஞன் ஒருவன், அதனைத் தீய வழியில் அழித்தான். பன்றி மேய்க்கும் தொழில் பூண்டு, பசியால் வாடினான். பின்பு தன் குற்றத்தை உணர்ந்து வீடு நோக்கித் திரும்பினான். அவன் தொலைவில் வரும்பொழுதே கண்ட தந்தை, ஓடிச் சென்று அவனைத் தழுவிக்கொண்டார் என்பது அக்கதை.

அக்கதையைத் தம் வாழ்க்கையாகவே கண்டவர் ஒருவர் ஆங்கில நாட்டில் வாழ்ந்தார். மாலுமியாகவும், அடிமை வாணிகராகவும், பின்பு சமய குருவாகவும் விளங்கிய ஜான் நியூட்டனே அவர். இறைவனின் மன்னிப்பை ஒருவர் ஒரு நாழிகையில் பெறலாம். ஆனால் அம்மன்னிப்புக்கு ஏற்ப வாழக் கற்றுக்கொள்வதற்கு வாழ்நாள் முழுவதும் வேண்டும். இவ்வுண்மையை அவருடைய வரலாறு நமக்குத் தெளிவாகக் காட்டுகின்றது.

பிறப்பும் இளமையும்

ஜான் நியூட்டன் 1725-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 24-ஆம் நாள் இலண்டன் மாநகரில் பிறந்தார். தேம்ஸ் ஆற்றங்கரையில் மாலுமிகள் மிகுதியாக வாழ்ந்த வாப்பிங் என்னும் பகுதியே அவர் பிறந்த இடம். தந்தையார் மத்தியதரைக் கடலில் செல்லும் வணிகக் கப்பல் ஒன்றின் தலைவர். அவர் ஆண்டின் பெரும்பகுதியைக் கடலிலேயே கழித்தமையால், மைந்தனை வளர்க்கும் பொறுப்பு முழுவதும் அன்னையாரைச் சேர்ந்தது. எலிசபெத்து என்னும் அவ்வம்மையார் இறைப்பற்று மிக்கவர். தம் ஒரே மகனுக்கு வேதநூற் பகுதிகளையும் பாடல்களையும் இளமையிலேயே கற்பித்து வந்தார். ஆனால் காசநோய் அவர் உயிரைக் கவர்ந்தது. நியூட்டனுக்கு ஏழு வயது நிரம்புவதற்குச் சில நாட்களே இருந்தன.

தாயை இழந்த சிறுவன் சிறிது காலமே பள்ளியில் பயின்றான். பதினோராம் வயதில் தந்தையாருடன் கப்பலேறினான். துறைமுகங்கள் பலவற்றில் பலவகை மனிதரோடு பழகிய அவன் உள்ளத்தில், அன்னை விதைத்த நல்லெண்ணங்கள் மெல்ல மெல்ல மறையத் தொடங்கின.

1742-ஆம் ஆண்டின் இறுதியில் நியூட்டன் தம் அன்னையாரின் நண்பர்களாகிய காட்லெட்டு குடும்பத்தாரைக் காணச் சென்றார். அங்கே மேரி என்னும் நங்கையைக் கண்டு அவர்மீது அன்பு கொண்டார். பின்னாளில் அவர் எத்துணை இழிந்த நிலையை அடைந்தபோதிலும், இவ்வன்பு ஒன்றுமட்டும் அவர் நெஞ்சைவிட்டு நீங்கவில்லை.

கடற்படையில் பட்ட துன்பம்

அக்காலத்தில் இங்கிலாந்தின் கடற்படைக்கு ஆட்கள் போதாதபோது, துறைமுகங்களில் திரியும் இளைஞர்களை வலிந்து பிடித்துச் செல்வது வழக்கம். 1744-ஆம் ஆண்டில் நியூட்டனும் அவ்வாறு பிடிக்கப்பட்டார். ‘ஹாரிச்’ என்னும் போர்க்கப்பலில் சேர்க்கப்பட்டார். தந்தையாரின் முயற்சியால் ஓரளவு உயர்ந்த பதவி கிடைத்தது. ஆயினும் அவர் கட்டுப்பாட்டை விரும்பவில்லை. கரைக்கு அனுப்பப்பட்ட ஒரு வேளையில் தப்பி ஓடினார், பிடிபட்டார். மாலுமிகள் அனைவரும் காணச் சவுக்கடி பெற்றார், பதவியையும் இழந்தார்.

அவமானமும் சினமும் அவர் நெஞ்சை எரித்தன. இறைவன் இல்லை என்று வாதிடுவதில் அவர் மகிழ்ச்சி கண்டார். பிறர் நம்பிக்கையையும் ஏளனம் செய்து கெடுத்தார். 1745-ஆம் ஆண்டில் மடீராத் தீவருகே கப்பல் நின்றபோது, மேற்கு ஆப்பிரிக்கா நோக்கிச் சென்ற வணிகக் கப்பல் ஒன்றிற்கு அவர் மாற்றப்பட்டார். அக்கப்பல் ஈடுபட்டிருந்தது அடிமை வாணிகத்தில்.

அடிமைகள் அளித்த உணவு

ஆப்பிரிக்கக் கரையிலே மனிதரை விலைக்கு வாங்கி, அட்லாண்டிக்குப் பெருங்கடலைக் கடந்து சென்று, அமெரிக்கக் கண்டத்திலும் மேற்கிந்தியத் தீவுகளிலும் இருந்த தோட்ட முதலாளிகளுக்கு விற்பதே அவ்வாணிகம். கரும்புத் தோட்டங்களிலும் பிற தோட்டங்களிலும் அம்மக்கள் ஆயுள் முழுவதும் உழைக்க நேர்ந்தது. அவர்தம் மக்களும் அடிமைகளாகவே கருதப்பட்டனர்.

விரைவில் பெரும்பொருள் ஈட்டலாம் என்னும் ஆசையால், நியூட்டன் கப்பலை விட்டிறங்கி, சியரா லியோன் கரையை அடுத்த சிறு தீவொன்றில் இருந்த அடிமை வாணிகர் ஒருவரிடம் பணியில் அமர்ந்தார். ஆனால் அங்கே நேர்ந்தது வேறு. அவ்வாணிகரின் மனைவி நியூட்டனை வெறுத்தார். கடுங்காய்ச்சலால் நியூட்டன் துவண்டு கிடந்தபோது, குடிக்கக் குளிர்ந்த நீரும் எளிதில் கிடைக்கவில்லை. பின்னர் முதலாளியும் அவர்மீது திருட்டுக் குற்றம் சுமத்திக் கொடுமை செய்தார். பசி பொறாத அவர், இரவில் மறைந்து சென்று, நிலத்தில் விளைந்த கிழங்குகளைப் பிடுங்கிப் பச்சையாகவே உண்டார்.

அப்பொழுது அவருக்கு இரங்கியவர் யாவர்? கால்களில் விலங்கு பூட்டப்பட்டு, விற்பனைக்காகக் காத்திருந்த அடிமைகளே! அவர்கள் தமக்கு அளிக்கப்பட்ட சிறிதளவு உணவிலும் ஒரு பகுதியைப் பிறர் அறியாவண்ணம் அவருக்குக் கொடுத்தனர். பிறர் கண்டால் அவர்களுக்குத் தண்டனை உறுதி. அவ்வாறு இருந்தும், தம்மை விற்கவந்த இனத்தவன் ஒருவன் பசித்திருக்கப் பார்த்திருத்தல் அவர்களுக்கு இயலவில்லை.

அத்துயர் மிக்க நாட்களில் நியூட்டனுக்குத் துணையாக இருந்தது ஒரு கணித நூல். யூக்ளிடின் வடிவியலை மணலில் கோலால் வரைந்து வரைந்து அவர் கற்றார். பின்பு வேறொரு வாணிகரிடம் சேர்ந்தமையால் அவர் துன்பம் சிறிது தணிந்தது.

நள்ளிரவில் எழுந்த புயல்

தந்தையாரின் வேண்டுகோளின்படி, 1747-ஆம் ஆண்டில் ‘கிரேஹவுண்டு’ என்னும் கப்பலின் தலைவர் நியூட்டனைத் தேடிக் கண்டுபிடித்து அழைத்துச் சென்றார். அக்கப்பல் பொன், யானைத் தந்தம், தேன்மெழுகு, சாய மரம் ஆகியவற்றை ஏற்றிக்கொண்டு, நெடுநாள் பல துறைகளில் தங்கி, இறுதியில் தாய்நாடு நோக்கித் திரும்பியது.

1748-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் ஓர் இரவு, வட அட்லாண்டிக்குக் கடலிலே கொடும்புயல் எழுந்தது. உறங்கிக்கொண்டிருந்த நியூட்டன், அறைக்குள் கடல்நீர் பாய்ந்து வரக் கண்டு விழித்தெழுந்தார். மேல்தளத்திற்கு ஏறும் வேளையில், கத்தி ஒன்றைக் கொணருமாறு தலைவர் பணித்தார். அதனை எடுக்க அவர் திரும்பியபோது, அவருக்குப் பதிலாக மேலே சென்ற ஒருவனை அலை வாரிக்கொண்டு போயிற்று.

கப்பலின் ஒருபக்கம் சிதைந்தது. உடைகளையும் மெத்தைகளையும் கொண்டு துளைகளை அடைத்தனர். சரக்கில் தேன்மெழுகும் மரமும் நீரினும் இலேசானவையாக இருந்தமையால், கப்பல் மூழ்காது மிதந்தது. விடியற்காலை மூன்று மணி முதல் நண்பகல்வரை நியூட்டன் நீரை இறைத்துக்கொண்டே இருந்தார். அவ்வேளையில், தம்மையறியாமலே, இறைவன் இரங்கவேண்டும் என்னும் சொற்கள் அவர் வாயினின்று வெளிவந்தன. பல ஆண்டுகளாக இறைவனைப் பழித்த தமக்கு, அவ்விரக்கத்தைப் பெற என்ன உரிமை உண்டு என்னும் எண்ணம் உடனே அவரைத் திடுக்கிடச் செய்தது.

பிற்பகல் ஒரு மணிக்குச் சுக்கான் பிடிக்க நின்றவர், நள்ளிரவுவரை பெரும்பாலும் அங்கேயே நின்றார். அந்நீண்ட பொழுதில் தம் வாழ்க்கை முழுவதையும் அவர் எண்ணிப் பார்த்தார். அன்னை கற்பித்தவை நினைவில் எழுந்தன. தாம் இழைத்த குற்றங்கள் மன்னிக்கத் தகாதவை என்றே முதலில் அவருக்குத் தோன்றியது. பின்னாட்களில் வேதநூலைப் படித்தபோது, கெட்ட குமாரன் கதை அவர் உள்ளத்தைத் தொட்டது. ஓடிவந்து தழுவிய தந்தையின் அன்பில் தமக்கும் இடமுண்டு என அவர் நம்பத் தொடங்கினார்.

புயல் தணிந்தபின்னும் துன்பம் தீரவில்லை. உணவுப்பொருள்கள் கடலோடு போயின. பன்னிருவர் ஒரு நாளைக்கு ஓர் உப்பு மீனில் பாதியை உண்டு உயிர் தாங்கினர். நியூட்டனின் தெய்வ நிந்தையாலேயே இவ்விடர் நேர்ந்ததென்று கப்பல் தலைவர் ஓயாது கடிந்துரைத்தார். நான்கு வாரங்களின்பின், அயர்லாந்தின் வடகரையில் உள்ள சுவில்லி என்னும் கடற்கழியை அவர்கள் அடைந்தனர். கடைசி உணவு அப்பொழுது அடுப்பில் வெந்துகொண்டிருந்தது. புயல் எழுந்த அந்நாளை நியூட்டன் தம் இறுதிவரை ஆண்டுதோறும் நினைவுகூர்ந்து வழிபட்டு வந்தார்.

திருந்தியும் தெளியாத கண்

இவ்வளவில் நியூட்டனின் வரலாறு முடிந்திருந்தால், அது ஓர் இனிய கதையாக மட்டுமே நின்றிருக்கும். ஆனால் உண்மை வேறு. தீய சொற்களை விடுத்தார்; இறைவனை வணங்கினார்; எனினும் அடிமை வாணிகத்தை அவர் விடவில்லை. அதே 1748-ஆம் ஆண்டில் மற்றோர் அடிமைக் கப்பலில் துணைத்தலைவராகச் சென்றார். தாம் துன்புற்ற தீவையும் மீண்டும் கண்டார். தாம் முன்பு நட்ட எலுமிச்சை மரங்கள் உயர்ந்து வளர்ந்திருந்தன.  ஆனால் தமக்கு உணவளித்த விலங்கிட்ட கைகளை அவர் நினைந்தார் என்பதற்கு, அவர் செயலில் அடையாளம் யாதும் இல்லை.

1750-ஆம் ஆண்டில் அவர் மேரியை மணந்தார். அவ்வாண்டு முதல் 1754 வரை மூன்று முறை அடிமைக் கப்பல்களின் தலைவராகக் கடல் கடந்தார். அக்கப்பல்களில் மனிதர் இருவர் இருவராக விலங்கிடப்பட்டு, நிமிர்ந்து நிற்கவும் இடமில்லாத கீழ்த்தளங்களில் நெருக்கமாகக் கிடத்தப்பட்டனர். நோயால் இறந்தோர் கடலில் எறியப்பட்டனர். கிளர்ச்சி செய்யத் துணிந்தோரின் கட்டைவிரல்களை இரும்புக் கருவியால் நெரித்து வருத்தியதை நியூட்டனே தம் கப்பற் குறிப்பில் எழுதி வைத்திருக்கின்றார். அதே கப்பலின் மேல்தளத்தில், ஞாயிறுதோறும் மாலுமிகளைக் கூட்டி இறைவழிபாடும் நடத்தினார்!

இம்முரண்பாட்டை அவர் அன்று உணராதது எங்ஙனம்? நாடே அவ்வாணிகத்தை மதிப்புடைய தொழிலாகக் கருதியது. சட்டம் அதற்கு இடம் தந்தது. சான்றோர் எனப்பட்டவரும் அதில் முதல் இட்டனர். ஊரார் அனைவரும் செய்யும் தவறு, தவறாகத் தோன்றுவதில்லை. இது நியூட்டனுக்கு மட்டும் நேர்ந்த குருட்டுத்தன்மை அன்று, எக்காலத்தவர்க்கும் நேரக்கூடியது.

1754-ஆம் ஆண்டில், அடுத்த பயணத்திற்குப் புறப்படவிருந்த வேளையில், அவர் திடீரென நோயுற்று மயங்கி வீழ்ந்தார். மருத்துவர் அறிவுரைப்படி கடல் வாழ்வைத் துறந்தார். அடிமை வாணிகத்தினின்று அவரை முதலில் விலக்கியது மனச்சான்று அன்று, நோயே ஆகும்.

ஓல்னி ஊரின் குரு

பின்னர் லிவர்ப்பூல் துறைமுகத்தில் சுங்க அலுவலராகப் பணியாற்றிய நியூட்டன், ஓய்வு நேரங்களில் கிரேக்கமும் எபிரேயமும் கற்றார். சமய குருவாகத் தொண்டாற்ற விழைந்தார். பல தடைகளுக்குப்பின் 1764-ஆம் ஆண்டில் குருப்பட்டம் பெற்று, பக்கிங்காம்சயரில் உள்ள ஓல்னி என்னும் சிற்றூரில் பணி ஏற்றார். சரிகைப் பின்னலால் வயிறு வளர்க்கும் ஏழை மக்கள் வாழ்ந்த ஊர் அது. தம் பழைய வாழ்வை மறைக்காமல் நூலாக எழுதி வெளியிட்டவராதலின், குற்றவுணர்வால் வருந்தியோர் பலர் அவரை நாடி வந்தனர்.

அவ்வூரில் வாழ்ந்த வில்லியம் கூப்பர் என்னும் கவிஞர் நியூட்டனின் நெருங்கிய நண்பர். 1773-ஆம் ஆண்டில் அவர் கொடிய மனநோய்க்கு ஆளானார்; இறைவன் தம்மைக் கைவிட்டுவிட்டான், தமக்கு மன்னிப்பே இல்லை என்று நம்பி நடுங்கினார். நியூட்டன் அவரைத் தம் இல்லத்திலேயே ஓராண்டுக்கு மேலாக வைத்துப் பேணினார். எவ்வளவு கூறியும் கூப்பரின் அச்சம் முற்றிலும் அகலவில்லை. ஆயினும் நண்பரைக் கைவிட நியூட்டன் ஒருபோதும் எண்ணவில்லை.

இருவரும் இயற்றிய பாடல்கள் 1779-ஆம் ஆண்டில் ‘ஓல்னிப் பாடல்கள்’ என்னும் பெயரால் வெளிவந்தன. அவற்றுள் பெரும்பாலானவை நியூட்டன் இயற்றியவை. தகுதியற்ற தம்மையும் மீட்ட இறையருளை வியந்து அவர் பாடிய பாடலொன்று அத்தொகுதியில் உள்ளது. 1773-ஆம் ஆண்டுப் புத்தாண்டு வழிபாட்டிற்காக அது இயற்றப்பட்டது என்பர் அறிஞர். ‘அமேசிங் கிரேஸ்’ என வழங்கும் அப்பாடல், பின்னாளில் அமெரிக்காவில் புதிய இசையுடன் பரவியது. அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்ட ஆப்பிரிக்கரின் வழித்தோன்றல்களும் அதனைத் தம் பாடலாகவே ஏற்றுப் போற்றி வருகின்றனர்.

சான்று பகர்தல்

1780-ஆம் ஆண்டு முதல் நியூட்டன் இலண்டனில் புனித மேரி உல்நாத்து ஆலயத்தின் குருவாக விளங்கினார். 1785-ஆம் ஆண்டின் இறுதியில் வில்லியம் வில்பர்போர்சு என்னும் இளைஞர் அவரைக் காண வந்தார். அவர் பாராளுமன்ற உறுப்பினர். அரசியலைத் துறந்து சமயப்பணி மேற்கொள்ளலாமா என்று ஐயுற்றிருந்தார். பாராளுமன்றத்தில் இருந்தே இறைவனுக்கும் மக்களுக்கும் தொண்டு செய்யலாம் என நியூட்டன் அறிவுறுத்தினார். அவ்விளைஞரே பின்பு அடிமை வாணிக ஒழிப்புப் போரின் தலைவரானார்.

நியூட்டனின் கண்களும் இப்பொழுது நன்கு திறந்தன. 1788-ஆம் ஆண்டில், கடல் வாழ்வைத் துறந்து 34 ஆண்டுகள் கடந்தபின், ஆப்பிரிக்க அடிமை வாணிகத்தைப் பற்றித் தம் கருத்துக்களை ஒரு சிறு நூலாக வெளியிட்டார். கப்பல்களில் நிகழ்ந்த கொடுமைகளை அதில் மறையாது கூறினார். தாமும் அத்தொழிலில் கைகலந்தவர் என்பதையும், தம் ஒப்புதல் மிகவும் காலந்தாழ்ந்து வருகின்றது என்பதையும், அந்நினைவு தம்மை என்றும் நாணச் செய்யும் என்பதையும் ஒளிக்காமல் எழுதினார்.

அதனோடு அமையாது, அதே ஆண்டில் அரசரின் ஆலோசனைக் குழுவின் முன்னும், 1790-ஆம் ஆண்டில் பாராளுமன்றக் குழுவின் முன்னும் நின்று சான்று பகர்ந்தார். அடிமைகள் நலமாகவே நடத்தப்படுகின்றனர் என்று வாணிகர் கூறிய பொய்யை உடைப்பதற்கு, அக்கப்பல்களைத் தாமே நடத்தியவரின் சொல் பெருந்துணையாயிற்று. மதிப்பு மிக்க குருவாக முதுமையெய்திய ஒருவர், ஊரறியத் தம் பழிச்செயலைத் தாமே எடுத்துரைத்தல் எளிதன்று. மன்னிப்புப் பெற்றோம் என்னும் உறுதியே, உண்மையை அஞ்சாது கூறும் ஆற்றலை அவருக்கு அளித்தது.

இறுதி நாட்கள்

1790-ஆம் ஆண்டின் இறுதியில் அன்பு மனைவியார் மறைந்தார். முதுமையில் நியூட்டனின் கண்பார்வை மங்கியது, நினைவாற்றலும் தளர்ந்தது. ஆயினும் தாம் பெருங்குற்றவாளி என்பதையும், தம் குற்றத்தினும் இறைவன் அருள் பெரிது என்பதையும் அவர் மறந்தாரல்லர்.

அடிமை வாணிகத்தை ஒழிக்க வில்பர்போர்சு 1791-ஆம் ஆண்டில் கொணர்ந்த தீர்மானம் 88-க்கு 163 என்னும் வாக்குகளால் தோல்வியுற்றது. அவர் தளராது மீண்டும் மீண்டும் முயன்றார். 1807-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் 283 உறுப்பினர் ஒழிப்பை ஆதரித்தனர். எதிர்த்தோர் 16 பேரே. மார்ச்சுத் திங்கள் 25-ஆம் நாள் அரசரின் இசைவு பெற்று அது சட்டமாயிற்று. அதன்பின் 1833-ஆம் ஆண்டுச் சட்டமே அடிமை முறையை முடிவுக்குக் கொணர வழி செய்தது.

வாணிகம் ஒழிந்த செய்தியைக் கேட்கும் பேறு நியூட்டனுக்குக் கிட்டியது. அவ்வாண்டு டிசம்பர்த் திங்கள் 21-ஆம் நாள், தம் 82-ஆம் வயதில், அவர் இறைவனடி சேர்ந்தார். தம் கல்லறையில் பொறிக்கப்பட வேண்டிய சொற்களை அவரே முன்னர் எழுதி வைத்திருந்தார். அதில் தம் சிறப்புக்களை அவர் பட்டியலிடவில்லை. ஆப்பிரிக்காவில் அடிமைகளுக்கும் அடிமையாய்க் கிடந்த தம்மை இறையருள் மீட்டு மன்னித்தது என்பதையே அங்குக் குறித்தார். 1893-ஆம் ஆண்டில் அவர் உடல் இலண்டனினின்று எடுக்கப்பட்டு ஓல்னியில் அடக்கம் செய்யப்பட்டது.

மன்னிப்பின் பயன்

நியூட்டன் கடத்திச் சென்ற மனிதருள் ஒருவரையேனும் அவரால் மீண்டும் தாய்நாட்டிற்குக் கொண்டுசேர்க்க இயலவில்லை. அவ்விழப்பை எந்தக் கண்ணீரும் ஈடு செய்யாது. இதனை நன்கு அறிந்திருந்தமையாலேயே, மன்னிப்பை அவர் தம் குற்றத்தை மூடும் போர்வையாகக் கொள்ளவில்லை. அக்குற்றத்தை வெளிப்படுத்தி, அது மேலும் நிகழாதவாறு தடுக்கும் கடமையாகக் கொண்டார்.

இறைவனின் இரக்கத்திற்கு எல்லை இல்லை என்பது கிறிஸ்தவர் நம்பிக்கை. அவ்விரக்கத்தைப் பெற்றவர், தம்மால் துன்புற்றோரிடத்தும் இரக்கம் காட்டும்பொழுதே அது நிறைவுறுகின்றது. விலங்கிட்ட கைகள் அன்று பசித்த இளைஞர் ஒருவருக்கு மறைவாக உணவு அளித்தன. அந்த நன்றிக்கடனை அவர் செலுத்தத் தொடங்குவதற்கு நெடுங்காலம் சென்றது. மாணவர்களே! தவற்றை உணர்ந்தவுடன் ஒப்புக்கொள்ளுதலும், ஒப்புக்கொண்டதற்கு ஏற்ப நடத்தலும் நம் கடன். அவ்வழியில் காலந்தாழ்த்து வந்தவரையும் கடவுள் ஏற்கின்றார் என்பது நியூட்டனின் வரலாறு தரும் ஆறுதல்; காலந்தாழ்த்தல் ஆகாது என்பது அது தரும் எச்சரிக்கை.